டயரின் உள்பக்கம்

எலக்ட்ரிக் காருக்கு சர்வீஸே தேவையில்லை என்று திருவண்ணாமலையில் அதிகமாகப் பேசித் திரிந்தவன் நானாகத்தான் இருப்பேன். கலெக்டர் ஆபீஸ் எதிரே டீக்கடையில், கல்யாணப் பந்தியில், ரேஷன் கடை வரிசையில், யார் மாட்டினாலும் விட மாட்டேன். ஆயில் மாற்ற வேண்டாம். பிளக் கிடையாது, கிளட்ச் கிடையாது, ரேடியேட்டர் கொதிக்கிற வேலை கிடையாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் குறைந்துவிடும், அதனால் பிரேக்கும் சீக்கிரம் தேயாது. "தேயறதுக்கு இதுல என்னங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஒரு மடக்கு டீ குடிப்பேன். எதிரில் இருப்பவருக்குப் பதில் தெரியாது. எனக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியாது.

நான் கலெக்டர் ஆபீஸில் ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பாளர். வீடு வேங்கிக்கால் பக்கத்துப் புது மனைகளில் ஒன்று. ஆபீஸுக்கு நடந்தே போய்விடலாம், அவசரமென்றால் பைக் இருக்கிறது. ஆகவே கார் என்னுடைய பெயரில் இருந்தாலும் அதை ஓட்டியது என் மனைவிதான். அவள் கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. தினமும் போக வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஓட்டுகிறவள் அவள், அதைப் பற்றிப் பேசுகிறவன் நான். எங்கள் வீட்டில் பல விஷயங்கள் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தன.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்து மூன்று வயதில். டூ வீலர் அவளுக்கு என்றைக்கும் ஒத்துவரவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி குதிக்கும், அவள் முகம் சுருங்கிப்போகும். வீட்டுக்கு வந்து "எனக்கு இது வராதுங்க" என்பாள். எலக்ட்ரிக் கார் வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. கிளட்ச் இல்லை, கியர் இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவிலேயே நாலு சுற்று சுற்றினாள். இரண்டு மாதத்தில் தனியாகப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். அதுவரை ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க இட்லியை நின்றுகொண்டே விழுங்கிய பெண், உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். பவுர்ணமி நாட்களில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அந்த நாட்களில் உடன் வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்களையும் ஏற்றிக்கொண்டு புறவழிச் சாலையில் போய்விடுவாள். திரும்பி வரும்போது பின் சீட்டில் திருத்த வேண்டிய நோட்டுகள் ஒரு கட்டு கிடக்கும். காரைத் தெருவில் திருப்பி வாசலில் நிறுத்துவதை நான் பார்க்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், ஆனால் பேப்பர் படிப்பதுபோல இருப்பேன். பாராட்டியிருந்தால் குறைந்தா போயிருப்பேன்? இப்போது நினைத்தால் அதுவும் உறுத்துகிறது.

கார் வாங்கியபோது ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். அதை டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் அறையில் போட்டவன் பிறகு தொடவே இல்லை. முதல் சர்வீஸுக்கு மட்டும் வேலூர் போனேன், எங்கள் காருக்கு சர்வீஸ் சென்டர் அங்கேதான் இருந்தது. காலையில் போனால் சாயந்திரம்தான் விட்டார்கள், ஒரு நாள் லீவு போயிற்று. என்னடா செய்தார்கள் என்று பார்த்தால் கழுவினார்கள், எதையோ சரிபார்த்தார்கள், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு போனில் குறுஞ்செய்தி வரும், வாகனத்தின் அடுத்த சர்வீஸ் நெருங்குகிறது என்று. விரலால் ஒதுக்கிவிடுவேன். மறுபடி வரும், மறுபடி ஒதுக்குவேன். ஆபீஸில் என் வேலையே தாலுகா ஆபீஸ்களுக்கு நினைவூட்டு எழுதுவது. நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு, மூன்றாவதற்கும் பதில் வரவில்லை என்றால் காட்டமாக ஒரு கடிதம் போடுவேன், அதில் 'மெத்தனப்போக்கு' என்ற சொல் தவறாமல் இருக்கும். அந்தச் சொல்லை எத்தனை பேர் மேல் வீசியிருப்பேன்! எனக்கு வந்த நினைவூட்டுகளை நான் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

என்னிடம் வேறொரு சர்வீஸ் இருந்தது, ஆயுதபூஜை. அதில் மட்டும் நான் ஒரு குறையும் வைக்க மாட்டேன். முதல் நாளே காரை மேலிருந்து கீழ்வரை கழுவுவேன். டயர்களுக்குப் பளபளப்பாக ஒரு கறுப்பு பாலிஷ் வாங்கிவந்து பூசுவேன். காலையில் ஒவ்வொரு டயர் முன்னாலும் குந்தி உட்கார்ந்து சந்தனம் தடவி அதன் மேல் குங்குமம் வைப்பேன். முன்பக்கத்தில் வாழைக்கன்று, மாலை. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை ஒரு அடி முன்னால் ஏற்றி நசுக்கினால் பூஜை முடிந்தது. ஒரு வருஷத்துக்கு வண்டிக்கு ஒன்றும் வராது. இதை நான் வெளியில் கிண்டலாகச் சொல்வேன், உள்ளுக்குள் நம்பினேன்.

மூன்றாவது ஆயுதபூஜையில் எலுமிச்சம்பழத்தை அவள் வைத்தாள். முன் டயருக்கு அடியில் பழத்தைத் தள்ளியவள், கையை எடுக்காமல் டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க வழவழன்னு இருக்குதே. வெளிய இருக்கிற மாதிரி இல்லையே."

"எலக்ட்ரிக் கார் டயர் அப்படித்தான் இருக்கும். கையை எடு, வண்டிய எடுக்கணும்."

எனக்கு அப்படித் தெரியுமா? தெரியாது. அந்த நொடியில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ராகு காலம் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். அதைவிட, வண்டியைப் பற்றி அவள் ஒன்று சொல்லி நான் கேட்பதா என்ற திமிர். அவளும் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றுவிட்டாள். நான் குனிந்து கையை நீட்டியிருந்தால் போதும். சந்தனம் வைக்க நாலு முறை குந்தியவனுக்கு இன்னும் ஒரு சாண் கை நீட்ட முடியவில்லை.

அடுத்த மாதம் மழை பிடித்தது. ஒருநாள் காலை எட்டே முக்காலுக்கு அவளிடமிருந்து போன். பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. பிறகு வேறு யாரோ போனை வாங்கி, கீழ்பென்னாத்தூரைத் தாண்டியதும் ஒரு திருப்பத்தில் கார் ரோட்டை விட்டு இறங்கிவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார். பைக்கில் நனைந்துகொண்டே போனேன்.

அங்கே ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது, மூன்று பக்கம் சுவர் வைத்த சின்ன நிழற்குடை. கார் அதற்கு நேராக வந்து, முன்னால் இருந்த ஒரு கல்லில் பம்பர் மோதி நின்றிருந்தது. கல்லுக்கும் நிழற்குடைக்கும் நடுவே நாலு எட்டு தூரம் இருக்கும். உள்ளே அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் நின்றிருந்திருக்கிறார்கள். ஒரு பெண் பிள்ளையின் சாப்பாட்டு டப்பா கீழே விழுந்து சாம்பார் சாதம் மழையில் கரைந்துகொண்டிருந்தது. கார் தன்னை நோக்கி வந்து நின்றதும் அந்தப் பிள்ளை என்ன செய்தது தெரியுமா? பயத்தில் வேறு ஒன்றும் தோன்றாமல், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த டீச்சரைப் பார்த்து "குட் மார்னிங் மிஸ்" என்று சொல்லியிருக்கிறது. என் மனைவி பிறகு இதை என்னிடம் மூன்று நான்கு முறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் குரல் உடைந்துபோகும்.

நான் போய் இறங்கியதும் அவளை முதலில் கேட்டது, "அடி எதுனா பட்டுதா?" என்றில்லை. "எவ்ளோ ஸ்பீடுல வந்த?" என்று கேட்டேன்.

"நாப்பதுதாங்க. திருப்பத்துல காலை எடுத்தேன். ஸ்டியரிங்க திருப்பினேன், வண்டி திரும்பல. நேரா போச்சு."

"நாப்பதுல வழுக்குமா? பயந்து பிரேக்க ஒரேடியா அழுத்தி இருப்ப."

"இல்லங்க, நான் பிரேக்கே போடல..."

"மழையில ஓட்டத் தெரியலைன்னா பஸ்ல வர வேண்டியதுதானே?"

சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவளுடைய பிள்ளைகள் நின்றிருந்தார்கள். கணக்கு டீச்சர், நாற்பது என்றால் நாற்பதுதான், முப்பத்தொன்பதைக்கூட நாற்பது என்று சொல்லாதவள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு காருக்குள் கையை விட்டு, சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள். அன்றைக்கு இருந்த படபடப்பில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தச் சாவியைக் கேட்கவே இல்லை.

பம்பர் வேலை இரண்டு நாளில் முடிந்தது. வண்டியைக் கொண்டுவந்த மெக்கானிக், ஓட்டும்போது ஸ்டியரிங் ஒருபக்கம் இழுக்கிறது, வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள் என்றார். போளூர் ரோட்டில் ஒரு பாய் டயர் கடை வைத்திருக்கிறார், என் பைக்குக்கும் அங்கேதான் டயர் போடுவேன். அங்கே விட்டேன். பாய் ஸ்டியரிங்கை முழுக்க ஒருபக்கம் திருப்பிவிட்டு, முன் டயருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். பார்த்தவர் என்னைக் கூப்பிட்டு என் கையைப் பிடித்து உள்ளே வைத்தார்.

வெளிப்பக்கம் ரப்பர் வரிகள் நன்றாக இருந்தன. உள்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லை, வழவழவென்று இருந்தது. அதையும் தாண்டி ஒரு இடத்தில் ஊசிபோல ஏதோ குத்தியது, டயருக்குள் இருக்கிற கம்பி.

"இன்னா சார் இது? எப்போ டயர மாத்திப் போட்டீங்க, முன்னாடிது பின்னாடி, பின்னாடிது முன்னாடி?"

"போட்டதே இல்ல பாய்."

"இந்த வண்டிங்க வெயிட்டு ஜாஸ்தி சார், அடியில பேட்டரி இருக்குதில்ல. காலை வெச்சதும் வெடுக்குனு இழுக்கும். அந்த இழுப்பு பூரா முன் டயருதான் தாங்கணும். பெட்ரோல் வண்டிய விட சீக்கிரம் தேயும். பத்தாயிரத்துக்கு ஒரு தடவ மாத்திப் போடணும், அலைன்மென்ட் பாக்கணும். புக்குல போட்டிருப்பானே?"

போட்டிருந்தான். கடையிலேயே அந்தப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. டயர் சுழற்சி, காற்றழுத்தம், அலைன்மென்ட், பிரேக் ஆயில், கூலன்ட் என்று கிலோமீட்டர் வாரியாக அட்டவணையே போட்டிருந்தார்கள். ஆபீஸ் கோப்பில் அப்படி ஒரு அட்டவணையைப் பார்த்தால் வரிவரியாகப் படிப்பவன் நான்.

கார் ரோட்டை விட்டு இறங்கியதைச் சொன்னேன். பாய் டயரைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "யாரு சார் ஓட்டினது?"

"வீட்ல."

"நல்லா ஓட்டியிருக்காங்க. இந்த டயர வெச்சிக்கினு மழையில, திருப்பத்துல, இவ்ளோதூரம் கட்டுப்படுத்தி நிறுத்தினாங்களே, பெரிய விஷயம். நானா இருந்தாலே எங்கனா போய் மோத வுட்டிருப்பேன்."

அடுக்கி வைத்திருந்த பழைய டயர்கள் மேல் உட்கார்ந்தேன். எலுமிச்சம்பழம் வைத்த கையோடு அவள் கேட்டது அப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. அவள் வண்டியைத் தடவிப் பார்த்துச் சொன்னாள், நான் வாயை அடைத்தேன். அவள் பிள்ளைகள் முன்னால், தெரியாத ஆட்கள் முன்னால், அவளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சொன்னேன். நிழற்குடைக்கு முன்னால் அந்தக் கல் இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றுவரை என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடியாது. பாதியிலேயே மனசு விலகி ஓடிவிடும்.

நாலு டயரும் புதிதாகப் போட்டேன். பழையதை என்ன செய்ய என்று பாய் கேட்டார். "நீங்களே வெச்சிக்கோங்க" என்றேன். வீட்டுக்கு எடுத்துவந்து வாசலில் போட்டு, இங்கே பார், உன் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். வழி முழுக்க அதைத்தான் ஒத்திகை பார்த்தேன். வீட்டில் நுழைந்ததும் அவள் கேட்டாள்.

"டயரும் மாத்திட்டீங்களா?"

"ஆமா. எப்படியும் மாத்தணும், இந்த வேலையோட வேலையா மாத்திட்டேன்."

"என்னால உங்களுக்கு எவ்ளோ அலைச்சல்" என்றாள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், கொஞ்சம் ஆறட்டும் என்று எனக்கு நானே சால்ஜாப்பு சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட வாய் என் மனைவி முன்னால் "நான் கவனிக்கல" என்று சொல்ல மறுத்தது. கோழைத்தனம், வேறு பெயர் இல்லை.

அவள் மறுபடியும் ஏழு மணி பஸ்ஸுக்குப் போனாள். இட்லியை நின்றுகொண்டு விழுங்கினாள். நான் விடிந்ததும் எழுந்து அவளுக்கு டப்பா கட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன், பவுர்ணமியில் கூட்டத்துக்கு நடுவே இடம் பிடித்துக் கொடுத்தேன். மனசாட்சிக்குத் தீனி போடுகிற வேலை. அவளோ அதை அன்பென்று எடுத்துக்கொண்டாள். "ஆக்சிடென்ட் ஆனதுல இருந்து இவரு ஒரு வார்த்தை திட்டல" என்று போனில் தன் அக்காவிடம் சொல்வது கேட்கும். "கொஞ்சம் ஓட்டிப் பாரேன்" என்று நடுநடுவே நான் சொல்வேன். "வேணாங்க. எனக்கு வராதுன்னு முன்னாடியே தெரியும். நீங்க அன்னைக்கு சொன்னது சரிதான்" என்பாள். கோபமே இல்லாமல் சொல்வாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, கத்துகிற வேகத்தில் உண்மையைக் கொட்டியிருப்பேனோ என்னவோ.

கோடை விடுமுறையில் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. தலைமை ஆசிரியை. பதினெட்டு வருஷமாக அவள் காத்திருந்த பதவி. அன்று சாயந்திரம் கோவிலுக்குப் போய் வந்தோம், கேசரி செய்தாள். மறுநாள் கலந்தாய்வில் எஞ்சியிருந்த ஒரே இடம், கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். காலையில் ஒரு பஸ், அது பள்ளிக்கூட நேரத்துக்கு ஒத்துவராது. மதியம் ஒரு பஸ். ஷேர் ஆட்டோவும் அந்தப் பக்கம் போவதில்லை.

"கார் இருக்குதே" என்றேன்.

"யாரு ஓட்டறது?"

"நான் கொண்டுவந்து விடறேன்."

"தினமுமா? உங்க ஆபீஸ் யாரு பாக்கறது? வேணாங்க. விட்டுக்கொடுத்து எழுதிக் குடுத்துடறேன். அந்த லெட்டரை மட்டும் நீங்க எழுதிக் கொடுங்க. நான் எழுதினா கணக்கு மாதிரி இருக்கும்."

மேஜை முன்னால் உட்கார்ந்தேன். அவள் எதிரில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெறுநர், அனுப்புநர், பொருள் எல்லாம் கை தானாக எழுதிவிட்டது. 'எனக்கு வழங்கப்பட்ட பதவி உயர்வை' என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. இந்த ஒரு வரியை நான் முடித்தால் பதினெட்டு வருஷம் போயிற்று என்று பளிச்சென்று தெரிந்தது. பேனாவை மூடி வைத்தேன்.

"அன்னைக்கு நீ தப்பு பண்ணல" என்றேன். "டயர்தான். உள்பக்கம் மொத்தமா தேஞ்சிருந்தது. கம்பி தெரிஞ்சுது. நான் சர்வீஸுக்கு விடல. மெசேஜ் வந்துகிட்டே இருந்தது, பாக்கல. பாய் சொன்னாரு, நீ நல்லா ஓட்டினதாலதான் தப்பிச்சுதுன்னு. எனக்கு அப்பவே தெரியும். உன்கிட்ட சொல்லல."

இத்தனை மாதம் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. அவள் கத்துவாள், அழுவாள், கத்தியை வைத்துவிட்டு எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தேன். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எவ்வளவு பிரியமான சிரிப்பு அது.

"நீங்க எனக்காக இப்படியெல்லாம் சொல்ல வேணாங்க."

"நிஜமா சொல்றேன்."

"நீங்களா? வண்டி விஷயத்துலயா? வருஷா வருஷம் டயருக்கு சந்தனம் வெக்கற ஆளு, டயரு தேஞ்சது தெரியாம இருப்பீங்களா?"

"பாய் கடைக்கு வா. அவரையே கேளு."

"நீங்க சொல்லிக் குடுத்தா அவரும் சொல்லத்தான் போறாரு." வெண்டைக்காயை ஒதுக்கி வைத்துவிட்டு, ஈரக் கையால் என் கையைப் பிடித்தாள். "தப்பை எடுத்து உங்க மேல போட்டுக்கணும்னு தோணுச்சே, அதுவே போதும் எனக்கு. எழுதுங்க."

நான் விடவில்லை. ஆயுதபூஜையன்று நீயே தொட்டுப் பார்த்துச் சொன்னாயே என்றேன். அவளுக்கு நினைவில்லை. சர்வீஸ் செய்தியைக் காட்டலாமென்று போனைத் தேடினேன், எல்லாவற்றையும் நானே அழித்திருந்தேன். டயரைக் காட்டலாமென்றால் நானே கொடுத்துவிட்டேன். சரி, நாலு நாள் என்னோடு வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய் என்று கெஞ்சினேன். வாசல்வரை வந்தாள். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஒரு நிமிஷம் நின்றாள். "அந்தப் புள்ள முகம் கண்ணு முன்னால வருதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆறு மாதத்துக்கு முன்னால், புது டயரோடு வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அன்றைக்கு அவள் நம்பத் தயாராக இருந்தாள். அதற்குப் பிறகு அந்தத் தப்பைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டு, தினமும் ஏழு மணி பஸ்ஸில் அதோடு போய் வந்திருக்கிறாள்.

கடிதத்தை எழுதினேன். காரணம் என்ன போட என்று கேட்டேன். "சொந்தக் காரணம்னு போடுங்க, எல்லாரும் அதான் போடுவாங்க" என்றாள். போட்டேன். அவள் கையெழுத்துப் போட்டாள். கல்வி அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கி வந்தேன்.

இப்போது என் வண்டிக்கு ஒரு குறையும் கிடையாது. பத்தாயிரம் ஆகும்வரை காத்திராமல் டயர்களை இடம் மாற்றிப் போடச் சொல்கிறேன். காற்று வாரம் தவறாமல் பார்க்கிறேன். வேலூருக்கு லீவு போட்டுவிட்டுப் போய், வண்டிக்கு அடியில் அவர்கள் செய்கிற ஒவ்வொரு வேலையையும் நின்று பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தரையில் பேப்பரை விரித்துப் படுத்து நாலு டயரின் உள்பக்கத்தையும் கையால் தடவுகிறேன். வண்டி மாதத்துக்கு நூறு கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை.

போன தை மாதம் அவளோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் வேங்கிக்காலில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தார். சாப்பிட்டு முடித்துப் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். டீச்சர்கள் நாலைந்து பேர், அவரவர் வீட்டுக்காரர்கள். அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாகப் போனவரும் வந்திருந்தார், என் மனைவியைவிட ஏழெட்டு வயது சின்னவர். ஸ்கூட்டரில் போகிறார். "நியாயமா நீங்க உட்கார வேண்டிய சீட்டு மிஸ்" என்று சங்கடத்தோடு சொன்னார்.

"எனக்கு வண்டி வராதும்மா" என்றாள் என் மனைவி சாதாரணமாக. பிறகு என்னைக் காட்டி எல்லோரிடமும் சொன்னாள். "பசங்க மேலயே ஏத்தப் பார்த்தேன். இவரு இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அதை விடுங்க, நான் மனசு ஒடஞ்சிடக் கூடாதுன்னு, டயரு தேஞ்சிருந்தது, நான்தான் பாக்கல, தப்பு என்னுதுன்னு ஒருநாள் பூரா உக்காந்து சாதிச்சாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது நிஜந்தாங்க" என்றேன். "டயர்தான் காரணம். நான்தான் சர்வீஸுக்கு விடல."

"பாத்தீங்களா, இன்னும் விட மாட்டேங்கறாரு" என்றாள் அவள். பந்தலே சிரித்தது. ஒரு டீச்சர் பக்கத்தில் இருந்த தன் கணவரை முழங்கையால் இடித்து, "கேட்டுக்கோங்க, புருஷன்னா இப்படி இருக்கணும்" என்றார். அந்த மனிதர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.